குவி ஆடியை வீட்டுச் சுவரில் மாட்டும் முறை

குவி ஆடி முகம் பார்ப்பதற்கான கண்ணாடி அன்று. அதன் நடுப்பகுதி நம்மை நோக்கிப் புடைத்திருப்பதால், அறையின் மூலை முடுக்கெல்லாம் சிறுத்து அந்த ஒரு வட்டத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆகவே எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, அந்தச் சுவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதைக் கடைக்குப் போவதற்கு முன்பே சோதித்துவிடலாம். அடி உருண்டையான, பளபளப்பான எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து, அதன் வெளிப்புறம் அறையைப் பார்த்திருக்குமாறு ஒருவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அருகில் வந்து பார்த்தால் சன்னல் ஒரு வளைந்த வெள்ளைக் கட்டமாகவும், ட்யூப்லைட் பிறைபோன்ற ஒரு கோடாகவும், தலைக்குமேல் சுழலும் மின்விசிறி உச்சியில் ஒரு சிறு அசைவாகவும் தெரியும். எங்கள் கூடத்தில் நான் முதலில் தேர்ந்த இடத்தில் இப்படிப் பார்த்தபோது, பால்கனிக் கொடியில் காயும் துணிகள் முழுவதும் கிண்ணத்தில் விழுந்தன. அந்தச் சுவரை அப்போதே கைவிட்டேன்.

என் அனுபவத்தில் மிகச் சிறந்த இடம், வாசலுக்கு நேர் எதிரே உள்ள உட்சுவர் அல்லது நீண்ட நடையின் கடைசிச் சுவர். யான் வான் ஐக் 1434இல் தீட்டிய, இன்று லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்திலும் குவி ஆடி பின்சுவரின் நடுவில்தான் தொங்குகிறது. தம்பதியரின் முதுகுப்புறமும், ஓவியத்தில் வேறெங்கும் காணப்படாத, வாசலருகே நிற்கும் இருவரும் அதற்குள் தெரிகிறார்கள். உங்கள் நடையிலும் அதுவே நிகழும்: உள்ளே நுழைபவர் தமக்குப் பின்னால் உள்ள வாசல் வெளிச்சத்தையும் தம்மையும் ஒருசேரக் காண்பார்.

அடுத்தபடியாக உணவறையைச் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், விளிம்பில் சிறு உருண்டைகள் வரிசையாகப் பதித்து, உச்சியில் கழுகு அமர்ந்த பொன்முலாம் சட்டங்களோடு இவ்வாடிகளை மாட்டினார்கள். சிலவற்றில் இருபுறமும் மெழுகுவர்த்தித் தாங்கிகளும் இருந்தன. ஒவ்வொரு சுடரும் குவி ஆடியில் ஊசிமுனைப் புள்ளியாக மின்னும் என்பதால், குத்துவிளக்கோ மஞ்சள் ஒளி தரும் சிறு விளக்கோ எதிரில் இருந்தால் அழகு கூடும். அந்தக் காலச் சட்டங்களில் கண்ணாடியை ஒட்டி ஓடும் மெல்லிய கறுப்பு வளையத்தை மட்டும் தவறாமல் கேட்டு வாங்குங்கள். சுவரின் நிறம் எதுவானாலும் பிம்பத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

கடையில் ‘கான்வெக்ஸ் மிரர்’ என்று கேட்டால் சாலை வளைவுகளில் வைக்கும் பிளாஸ்டிக் வகையைக் காட்டக்கூடும். அது எளிதில் கீறல் விழும். வீட்டுக்குக் கண்ணாடியே ஏற்றது. விட்டத்தைப் போலவே புடைப்பையும் கவனியுங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள ஆடி நடுவில் சுமார் 4.5 செ.மீ. புடைத்திருந்தால், அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 60 செ.மீ.; 3 மீட்டர் தள்ளி நிற்கும் 165 செ.மீ. உயர மனிதர் அதில் பதினொன்றில் ஒரு பங்காக, 15 செ.மீ. உயரப் பிம்பமாகத் தெரிவார். சிறு கூடத்துக்கு இந்த அளவு போதும். வாங்குமுன் ட்யூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து பாருங்கள்: கோடு வளையலாம், நெளியக் கூடாது.

ஆடியின் மையம் நடையில் தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்திலும், உட்கார்ந்தபடியே பார்க்கும் உணவறையில் அதைவிட 20 அல்லது 30 செ.மீ. தாழ்வாகவும் இருக்கட்டும். சுவரில் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் இறக்கி, எடையைத் தாங்கும் திருகாணியில் மாட்டுங்கள். வெறும் ஆணியை நம்ப வேண்டாம். ஓர் அறைக்கு ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வந்தால் கண்ணுக்கு நிலைகொள்ள இடமிராது.

துடைக்கும்போது திரவத்தை நேரடியாக ஆடிமேல் தெளித்தால் அது விளிம்பு வழியே இறங்கிப் பின்பூச்சைக் கறுக்கச் செய்யும். பழைய பருத்தி வேட்டித் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.