பென்டிரைவ், சலான் மெசேஜ்: வைரஸ் உள்ளே வரும் வழி

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களில் இரண்டு மாநிலத்துப் பென்டிரைவும் ஏறி இறங்கும். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ஃபோட்டோ எல்லாம் போயிட்டு அண்ணே, ஃபார்மட் அடிச்சுத் தாங்க." தயவுசெய்து உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள். பெரும்பாலும் ஃபோட்டோ அதற்குள்ளேயேதான் இருக்கும்.

ஷார்ட்கட் வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. உற்றுப் பாருங்கள்: மஞ்சள் படத்தின் இடது கீழ் மூலையில் சின்ன அம்பு இருக்கும், அளவு ஓரிரு கேபிதான் காட்டும். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

மீட்பதற்கு முதலில் கம்ப்யூட்டரை ஆன்டிவைரஸால் முழு ஸ்கேன் செய்யுங்கள். அது சுத்தமாகாமல் பென்டிரைவை மட்டும் துடைத்தால் அடுத்த நிமிடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். பிறகு எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஆப்ஷன்ஸில் 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். சிலசமயம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் மறைந்த நிலையும் கூடவே வரும். அதனால் உள்ளே போய், ஃபோட்டோ, டாகுமெண்ட்டை மட்டும் புது ஃபோல்டரில் போடுங்கள். விபிஎஸ் (.vbs), எல்என்கே (.lnk), இஎக்ஸ்இ (.exe) என்று முடிவதைத் தொடாதீர்கள். எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு ஃபார்மட் அடிக்கலாம்.

செருகினாலே தொற்றிவிடும் என்ற பயம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை விண்டோஸ் 7 நிறுத்திவிட்டது. இப்போது நம் கிளிக்தான் பெரும்பாலும் வைரஸை ஓடவைக்கிறது.

இதற்கு விலக்கும் உண்டு. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்; அதற்கு யாருடைய கிளிக்கும் தேவைப்படவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக நெட்வொர்க்கிலேயே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. வயநாடு, பத்தனம்திட்டாவில் பஞ்சாயத்து அலுவலகங்கள் வரை மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது என்பதுதான் வேதனை. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

போனுக்கு வருவோம். 2023 முதல் கேரளச் சாலைகளில் ஏஐ கேமரா அபராதம் போடுகிறது. எல்லை தாண்டி வண்டி ஓட்டுபவருக்கு வாட்ஸ்அப்பில் 'சலான்' (அபராதச் சீட்டு) வந்தால் நம்பத்தான் தோன்றும். கூட வரும் ஃபைலின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிகிறதா பாருங்கள். அது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல். சலான் ஒருநாளும் ஏபிகேவாக வராது. கல்யாணப் பத்திரிகையும் வராது. ஃபைல் வந்து சேர்ந்ததாலேயே போன் கெடாது. அதைத் தொட்டு, 'அன்நோன் ஆப்ஸ்' அனுமதி கொடுத்து, இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்கவும் விட்டால்தான் ஓடிபி திருடுபோகும். அபராதம் உண்மையா என்று பார்க்க, அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். மெசேஜில் வந்த லிங்க் வேண்டாம்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டால் உடனே ஃப்ளைட் மோடு போடுங்கள், வைஃபையும் அணைந்ததா பாருங்கள். வேறொரு போனிலிருந்து, ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பிறகு ஃபோட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இந்த ஆப்கள் தங்கள் ஐகானை மறைத்துக்கொள்வது வழக்கம்; தேடிப் பார்த்துக் காணவில்லை என்பதால் போய்விட்டது என்று எண்ணிவிட வேண்டாம். வாட்ஸ்அப்பைத் திரும்பப் போட்டதும் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, தெரியாத கருவி இருந்தால் லாக்அவுட் செய்யுங்கள். உங்கள் பெயரில் அதே ஏபிகே உறவுக்காரர்களுக்கும் போயிருக்கலாம். குடும்பக் குரூப்பில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.