கழுத்து முறிந்த கிட்டாரை வீட்டிலேயே ஒட்டுவது எப்படி?

கிட்டார் கீழே விழுந்தால் பெரும்பாலும் நட்டுக்குப் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பின்னால், தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில்தான் முறியும். பல கிட்டார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் மர இழை நீளமாக ஓடாமல் பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். போதாக்குறைக்கு, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைத் திருகுவதற்காக அங்கேயே மரத்தைக் குடைந்தும் வைத்திருப்பார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தினால் நல்ல மரப்பசை அதைத் தாங்கிவிடும்.

முதல் வேலை, கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுவது. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கும். பாதி விரிசலை முழு முறிவாக்க அது போதும். உதிர்ந்த சிம்புகள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எடுத்து ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அடுத்து முறிவைக் கவனியுங்கள். சாய்வாக, நீளமாக முறிந்திருந்தால் பசை பிடிக்க நிறைய இடம் உண்டு, தைரியமாக இறங்கலாம். குறுக்கே மொட்டையாக ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது, மரக்கீற்று பதித்து வலுவூட்ட வேண்டும். அதை அனுபவமுள்ள கைக்கு விட்டுவிடுங்கள். எதுவானாலும் முறிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் கரடுமுரடுதான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தேய்த்தால் பொருத்தமே போய்விடும்.

பசை போடுவதற்கு முன் வெறுமனே ஒருமுறை கிளாம்ப் மாட்டி ஒத்திகை பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஃபிரெட் போர்டு (விரலால் கம்பியை அழுத்தும், ஃபிரெட் எனும் உலோகக் கோடுகள் பதித்த பலகை) பக்கம் ஒரு தட்டையான மரத்துண்டு, பின்பக்க வளைவுக்குத் தோல் அல்லது கார்க் வைத்த இன்னொரு துண்டு. முறிவின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் பொருத்தம் சரியில்லை. சாய்வான முறிவில் பசை பட்டதும் வழுக்கும், கிளாம்ப்பை இறுக்க இறுக்கத் தலை நழுவும். அதனால் தலையின் நுனியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வையுங்கள்.

பசைக்குச் சாதாரண மரவேலை பிவிஏ பசையே நல்லது. எபாக்ஸி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒட்டு பிசகினால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

சரி, இப்போது பசையை இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். துண்டு முழுவதும் பிரியாமல் விரிசலாக மட்டும் இருந்தால், மெதுவாக விரித்து மெல்லிய பிளாஸ்டிக் கீற்றால் பசையை உள்ளே தள்ளுங்கள். டிரஸ் ராட் மரையில் முன்கூட்டியே கொஞ்சம் மெழுகு தடவிவிட்டால் அங்கே பசை பிடிக்காது. ஆனால் மெழுகு முறிந்த முகத்தில் படவே கூடாது. மரத்துண்டுகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கிளாம்ப்பைச் சீராக இறுக்கும்போது விரிசல் நெடுகச் சின்னச் சின்ன மணிகளாகப் பசை பிதுங்க வேண்டும். ஓரிடத்தில் வரவில்லை என்றால் அங்கே பசை போகவில்லை. கழற்றி மறுபடி போடுங்கள். வழிந்ததை ஈரத்துணியால் துடையுங்கள்.

24 மணி நேரம் கிளாம்ப் இருக்கட்டும். அப்புறமும் சில நாள் பொறுத்துக் கம்பி மாட்டுங்கள். முதலில் தளர்வாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதிக்கு ஏற்றுங்கள். தழும்புக் கோடு தெரியத்தான் செய்யும். சாயம் பூசி மறைப்பதைவிட அப்படியே விடுவது நல்லது, கோடு திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் இந்தப் பசை இளகும்.

மரம் நொறுங்கியே போயிருந்தால்? திருகாணியில் பூட்டிய கழுத்துள்ள எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் அதே ஸ்கேல் நீளமும் (நட்டிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை உள்ள நீளம்) அடிப்பகுதி அகலமும் உள்ள வேறு கழுத்தை மாட்டலாம். மற்றவற்றில் டியூனிங் கீ, பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் இன்னொரு கிட்டாருக்கு ஆகும். அந்த உடைந்த கழுத்தையும் எறியாதீர்கள்: ஃபிரெட் கழற்றி மாட்டவும் தேய்த்துச் சமன் செய்யவும் பழகுவதற்கு அதைவிடத் தோதான கட்டை கிடைக்காது.