பழைய ஸ்டெர்லிங் வெள்ளி ஸ்பூன்களை உருக்குவது எப்படி? (அடுப்பை மூட்டும் முன் பாதி வேலை இருக்கிறது)

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் பூட் சந்தைக்கு, அதாவது வீட்டுப் பழைய சாமான்களைக் கார் டிக்கியில் கொண்டுவந்து விற்கும் சந்தைக்குப் போவது எனக்கு ஒரு பழக்கம். யாராவது ஒருவர் மேசையில் கறுத்துப்போன ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கொட்டி வைத்திருப்பார். பெரும்பாலும் எல்லாமே வெள்ளிப் பூச்சு. எப்போதாவது ஒன்று அசல் வெள்ளி. அந்த ஒன்றைச் சேர்த்துச் சேர்த்து அரைக் கிலோ ஆனதும், உருக்கிக் கட்டியாக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

நண்பரின் அப்பா கோவையில் நகைப்பட்டறை வைத்திருந்தவர். பேரனைப் பார்க்க வந்து மூன்று மாதம் இங்கே இருந்தார். உருக்கும் வேலையை அவர்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். இந்த ஊர் முத்திரைகளை நானே தப்புத்தப்பாகப் படித்துக் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்திரை உள்ள ஸ்பூன், ஏற்கெனவே சோதித்துச் சான்று கொடுத்த வெள்ளி. உருக்கினால் அந்தச் சான்று போய்விடும். அதனால் கீழே உள்ள முதல் நான்கு படிகளை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

1. சிங்கத்தைத் தேடுங்கள்

நம் ஊரில் சில்வர் டம்ளர் என்றால் எவர்சில்வர். ஜெர்மன் சில்வர் குங்குமச்சிமிழில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. இங்கேயும் அதே குழப்பம்தான். கைப்பிடியின் பின்பக்கம் இ.பி.என்.எஸ். என்று இருந்தால், அதே ஜெர்மன் சில்வர் மீது மின்சாரம் வைத்து வெள்ளி பூசியது என்று அர்த்தம். இதில் ஒரு தந்திரம் உண்டு. அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள், பழைய எழுத்து வடிவில் அடித்திருப்பார்கள். கண்ணாடி போடாமல் பார்த்தால் அசல் ஹால்மார்க் மாதிரியே இருக்கும். நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். ஏ1 என்று இருந்தாலும் பூச்சின் தரத்தைத்தான் சொல்கிறது.

ஸ்டெர்லிங் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இங்கிலாந்தில் செய்த பொருளில் இதற்கு அடையாளம் நடக்கிற சிங்கம்: இடது பக்கமாகப் போகும், ஒரு முன்கால் தூக்கியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கத்தின் பக்கத்திலேயே ஊர் முத்திரை இருக்கும். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், 1975 முதல் ரோஜா. தனியாக இருக்கும் ஓர் ஆங்கில எழுத்து ஆண்டைக் குறிக்கும். ராஜா அல்லது ராணியின் தலை இருந்தால் பெரும்பாலும் அது 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. வெள்ளிக்கு வரி கட்டியதற்கான முத்திரை. முடிசூட்டு விழா மாதிரியான சில சிறப்பு ஆண்டுகளிலும் தலை அடித்திருக்கிறார்கள் என்பதால், எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்கப் பொருளில் ஸ்டெர்லிங் என்று முழு வார்த்தையாகவே இருக்கும். ஐரோப்பியப் பொருளில் 800, 830 போன்ற எண்கள் வரும். அதுவும் வெள்ளிதான், மாற்று குறைவு. ஸ்டெர்லிங்கோடு சேர்த்துப் போடாதீர்கள்.

2. சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை

காந்தம் ஒட்டினால் தூக்கிப் போடுங்கள். ஒட்டாவிட்டாலும் வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது. பூச்சுப் பொருளும் பெரும்பாலும் ஒட்டாது. அமிலம் கைக்கு வராமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு மட்டும் போதும்.

முதலில் ஸ்பூனை நிறுத்துக்கொள்ளுங்கள். 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஓர் உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது ஸ்பூன் ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஸ்டெர்லிங்கின் அடர்த்தி ஏறக்குறைய 10.36, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல அத்தனை மடங்கு கனம். 62ஐ அதால் வகுத்தால் 6 கிராம் வர வேண்டும். ஜெர்மன் சில்வராக இருந்தால் 7 கிராமுக்கு மேல் காட்டும். ஒரு கிராம் வித்தியாசம், கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். சின்ன டீஸ்பூனில் வித்தியாசமும் சின்னதாகிவிடும். ஒரே செட்டில் ஆறு இருந்தால் ஆறையும் சேர்த்துக் கட்டி முக்குங்கள்.

3. கத்திகளைத் தனியே எடுத்து வையுங்கள்

மேசைக் கத்தியின் கைப்பிடியில் சிங்கம் இருக்கும், நம்பி முழு எடைக்கும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அலகு எஃகு. கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகட்டாலான கூடு. உள்ளே பிசினோ சிமெண்ட் மாதிரியான ஏதோ ஒன்றோ அடைத்திருக்கும். இதைச் சூடாக்கினால் உள்ளே இருப்பது விரிந்து கூடு வெடிக்கும், பிசின் கொதித்துத் தெறிக்கும். உருக்கும் பாத்திரத்துக்குள் இதை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கூட்டை நீளவாக்கில் வெட்டிப் பிரித்து, உள்ளே இருப்பதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்துக்குக் கிடைக்கும் வெள்ளி மிகக் கொஞ்சம். நான் கத்தியே வாங்குவதில்லை.

4. எதை உருக்கக் கூடாது

1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, மூட்டை மூட்டையாகப் பழைய வெள்ளிச் சாமான்கள் உலைக்குப் போயின. இருநூறு வருடப் பொருட்களும் அதில் போயின. இரண்டே மாதத்தில் விலை சரிந்தது. போன பொருள் போனதுதான்.

அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒரு தடவை பாருங்கள். முத்திரைகள் கைப்பிடி நுனிப் பக்கம் இல்லாமல், ஸ்பூனின் கிண்ணத்துக்கு அருகே தண்டில் நெருக்கமாக அடித்திருந்தால், அது பெரும்பாலும் 1780களுக்கு முந்தையது. உருக்காதீர்கள். முழு செட்டைப் பிரிக்காதீர்கள். செய்தவரின் முதலெழுத்துகளையும் தேடிப் பாருங்கள்.

இதை நான் செய்யவில்லை. நான் சேர்த்து வைத்ததில் ஒரு சர்க்கரை இடுக்கியும் இருந்தது. ஒரு கை ஒடிந்து ஒட்டியிருந்ததால், சரி, கழிவுதான் என்று நான்காக வெட்டிவிட்டேன். துண்டுகளைக் கழுவும்போதுதான் சாய்வெழுத்தில் எச், பி என்று இரண்டு எழுத்து தெரிந்தது. ஹெஸ்டர் பேட்மேன். கணவர் இறந்தபின் பட்டறையைத் தானே நடத்தி, 1761இல் லண்டனில் தன் பெயரில் முத்திரை பதிவு செய்த பெண்மணி. அவர் பட்டறைப் பொருளுக்கு வெள்ளி எடையைத் தாண்டி விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு துண்டுகளும் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன.

கோணல், ஓட்டை, முள் ஒடிந்த ஃபோர்க், முனை தேய்ந்த ஸ்பூன், கைப்பிடியில் யாருடையவோ பெயர் ஆழமாகச் செதுக்கியது என இவையெல்லாம்தான் உலைக்கு.

5. கணக்கு

மொத்த எடையை 0.925ஆல் பெருக்குங்கள். சர்வதேச விலை டிராய் அவுன்ஸில் சொல்லப்படும். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். என் அரைக் கிலோவுக்கு: 500 × 0.925 = 462.5 கிராம் சுத்த வெள்ளி. அதாவது 14.87 அவுன்ஸ். லண்டன் சந்தை தினமும் நண்பகலில் விலை நிர்ணயிக்கும். அன்றைய விலையால் பெருக்கினால் உச்சவரம்பு தெரிந்துவிடும். வாங்குபவர் அதில் ஒரு பகுதிதான் கொடுப்பார். சமையலறைத் தராசில் அவுன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அது வேறு அவுன்ஸ், 28.35 கிராம். கிராமிலேயே நிறுங்கள்.

இந்த இடத்தில் நின்று, உருக்காமலே என்ன கொடுப்பீர்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். கட்டியாகவே வேண்டும், அல்லது வார்த்துப் பார்க்கும் ஆசை இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

6. சாமான்கள்

ஒரு கிலோ கொள்ளும் சிறிய மின்சார உலை, அதற்குரிய கிராஃபைட் மூசை (உலோகத்தை உருக்கும் கிண்ணம்), நீண்ட இடுக்கி, வார்ப்பிரும்பு அச்சு, கிராஃபைட் கோல், வெண்காரம், கொஞ்சம் மரக்கரி. கேஸ் டார்ச்சாலும் உருக்கலாம், ஆனால் சாதாரண டார்ச் ஐம்பது கிராமுக்கு மேல் திணறும். அச்சு கொள்ளுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: 500 கிராம் ஸ்டெர்லிங் உறைந்த நிலையில் 48 மில்லி இடம் பிடிக்கும், உருகிய நிலையில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

உடம்புக்கு: முகத்தை மூடும் கவசம், தடித்த தோல் கையுறை, தோல் ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை. பாலியஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான இடம் வேண்டும். காங்கிரீட் தரை மீது நேராகச் செய்யாதீர்கள்; உருகிய உலோகம் விழுந்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகித் தரை சில்லாகத் தெறிக்கும். காய்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டை கீழே வையுங்கள். குழந்தைகள், நாய், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் தள்ளி நிற்கட்டும்.

7. உருக்குதல்

ஸ்பூன்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டாக வெட்டி, அடுப்பில் சுட வைத்துக் காய வையுங்கள். ஈரம்தான் இந்த வேலையில் எமன். ஒரு துளி தண்ணீர் உருகிய வெள்ளிக்கு அடியில் மாட்டினால் நொடியில் ஆவியாகி மொத்தத்தையும் மேலே தூக்கி அடிக்கும். புது மூசையையும் முதலில் வெறுமையாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள்.

உலையை 1050 டிகிரி செல்சியஸுக்கு வைத்தேன். சுத்த வெள்ளி 962 டிகிரியிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும். இரண்டும் கலந்த ஸ்டெர்லிங், இரண்டுக்கும் கீழே, ஏறக்குறைய 890 டிகிரியிலேயே முழுதாக உருகிவிடும். ஆனால் ஊற்றும்போது சூடு வேகமாக இறங்கும் என்பதால் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பாதித் துண்டுகள். அவை சரிந்து உட்கார்ந்ததும் மீதியை இடுக்கியால் பிடித்து, உலை வாயில் சில நொடி காட்டிச் சூடேற்றி, மெதுவாக இறக்குங்கள். வீசிப் போடக் கூடாது. அப்புறம் இரண்டு சிட்டிகை வெண்காரம். அது பாகு மாதிரி உருகி அழுக்கையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதிகம் போட்டால் கட்டியின் மேல் கண்ணாடித் துணுக்காக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

மேலே ஒரு சிறு மரக்கரித் துண்டு. இது எதற்கு என்று நண்பரின் அப்பாவிடம் கேட்டேன், "காத்து குடிக்காம இருக்கறதுக்கு" என்றார். சரியான பதில்தான். உருகிய வெள்ளி தன் கனஅளவைப் போல இருபது மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சக்கூடியது. உறையும்போது அதைத் துப்பும், கட்டியின் மேல் கொப்புளமும் பள்ளமும் வரும். செம்பும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கட்டியை நொறுங்கலாக்கும். கரி எரியும்போது அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது.

கிராஃபைட் கோலைச் சூடாக்கிவிட்டு ஒரு முறை கலக்குங்கள். கோலில் கட்டி தட்டுப்படாமல், ஆரஞ்சு நிறத்துக்கு நடுவே பாதரசம் போலப் பளபளத்து ஆடினால் தயார்.

8. வார்த்தல்

அச்சு சூடாக இருக்க வேண்டும். "தம்பி, கையில தொட்டுப் பாக்காதீங்க, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க. பொகைஞ்சா சரி" என்றார் நண்பரின் அப்பா. உட்புறம் முழுக்க விளக்குப் புகை பிடித்துக் கறுப்பாக்கினோம். அப்போதுதான் கட்டி ஒட்டாமல் விழும்.

மூசையை எடுத்ததும் தயங்கக் கூடாது. மூக்கை அச்சின் வாய்க்கு அருகே கொண்டுபோய், ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நான் நடுவில் ஒரு நொடி நிறுத்தினேன். கட்டியின் நடுவே பெல்ட் கட்டிய மாதிரி ஒரு கோடு இன்னும் இருக்கிறது. மேலே இருந்த வெண்காரப் பாகைக் கோலால் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க மறந்தால் அதுவும் சேர்ந்து விழும்.

சிவப்பு முழுதாக அணைந்தபின் அச்சைக் கவிழ்த்து, கட்டியை இடுக்கியால் வாளித் தண்ணீரில் போடுங்கள். கறுப்பாக அசிங்கமாக இருக்கும். வெந்நீரில் சிட்ரிக் அமிலப் பொடி கரைத்து அரை மணி ஊற வைத்தால் வெளுத்துவிடும். நிறுத்துப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு கிராம் சேதாரம். அதில் பாதி மணல் தட்டில் மணி மணியாகக் கிடைத்தது.

9. விற்கப் போகும்போது

அந்தக் கட்டியை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பேச்சே மாறிவிட்டது. போன மாதம் இதே ஸ்பூன்களின் சிங்கத்தைப் பார்த்து விலை சொன்னவர், இப்போது இது வெள்ளிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். எக்ஸ்-ரே கருவியில் வைத்தால் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். அமிலத்தில் ஊறிய கட்டியில் மேலே செம்பு கரைந்து போயிருப்பதால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அது அவருக்கும் தெரியும். துளை போட்டுச் சீவல் எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் தனி என்றார். எல்லாம் போகக் கிடைப்பது, ஸ்பூனாகவே கொடுத்திருந்தால் வந்திருக்கும் தொகையைவிடக் குறைவு.

நீங்கள் விற்கத்தான் வார்க்கிறீர்கள் என்றால், உருக்கும் முன் எல்லா முத்திரைகளையும் தெளிவாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் எழுதி வையுங்கள். அது சான்று ஆகாது, ஆனால் பேரம் பேச உதவும். சுத்திகரிப்பு ஆலைக்கு நேரடியாக அனுப்பினால் அவர்களே உருக்கி, கலக்கி, உருகிய நிலையிலேயே மாதிரி எடுத்துக் கணக்கு முடிப்பார்கள். அங்கேயும் ஸ்பூனாகவே அனுப்பலாம்.

என் கட்டியை விற்கவில்லை. பெல்ட் கோட்டோடு புத்தக அலமாரியில் இருக்கிறது, 498 கிராம்.