நிலக்கடலைப் பூஞ்சணம்: வயலிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சணம் பிடித்த கடலையை நன்றாக வறுத்துவிட்டால் போதும் என்பதே பலரின் எண்ணம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் அந்த மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் சூட்டில் செத்துவிடும். ஆனால் அது பருப்புக்குள் விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, வீட்டில் வறுப்பதாலோ வேகவைப்பதாலோ முழுமையாக அழிவதில்லை. இதன் பி1 வகை மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதி செய்யப்பட்டுள்ளது. பூஞ்சணத்தைத் துடைத்தாலும் கழுவினாலும் மேலே உள்ள தூள்தான் போகும். எனவே சுருங்கிய, நிறம் மாறிய, முளைவிட்ட பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

தவறு பெரும்பாலும் வயலிலேயே தொடங்கிவிடுகிறது. காய் முற்றும் தறுவாயில் செடி வறட்சியில் வாடினால் மண்ணிலிருக்கும் பூஞ்சணம் காய்க்குள் எளிதில் புகுந்துவிடும். பிடுங்கிய செடிகளை ஈரத்தோடு குவித்து வைப்பதும், மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்ட காய்களை நல்ல காய்களோடு கலப்பதும் அதற்கு வழிவிடுகின்றன. காய்கள் மேலே தெரியும்படி செடிகளைத் தலைகீழாக அடுக்கி உலர்த்தி, காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை, அதாவது ஈரப்பதம் ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை காயவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று காயின் மேல் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தோடே பருப்பைச் சாக்கில் அடைப்பதுதான், என் பார்வையில், எல்லாவற்றையும்விடக் கேடான பழக்கம். பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு குடம் தண்ணீரில் வீணாகிவிடுகிறது.

கழித்த சொத்தைப் பருப்பைச் செக்குக்கு அனுப்புவதும் தவறே. ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது, எரிசோடா போன்ற காரம் சேர்க்கும் கட்டத்தில் நஞ்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. (செக்கின் மீது குறையில்லை, அதில் போடும் கடலையில்தான்.) எண்ணெயில் இறங்குவதைவிடப் புண்ணாக்கில் தங்கும் நஞ்சே அதிகம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு, தீவனத்தில் சேர்த்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்த பிறகுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. மாடு உடனே சாவதில்லை என்பதால் நாம் கவனிப்பதில்லை. ஆனால் அது தின்ற நஞ்சில் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. அதை மனத்தில் கொண்டே, ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் எம்1 இருக்கக் கூடாதென்று இந்தியாவில் வரம்பு வைத்துள்ளனர்.