காற்றடிக்கும் நாளில் கெண்டை மீன்பிடிப் போட்டி: தக்கையை நிறுத்திய விதம்

பலத்த காற்றில் மேல்தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். அடித்தண்ணீர் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் திரும்பும். தூண்டில் தக்கை மேலோட்டத்தோடு போனால் இரை தரையில் இழுபடும். கெண்டை அதை வாயில் வாங்கித் துப்பிவிடும். தக்கை அசைவது அலையா, கடியா என்றே தெரியாது.

0.3 கிராம் ஈயம் தாங்கும் தக்கையைக் கழற்றிவிட்டு 1 கிராம் தாங்குவதைப் போட்டேன். ஈயக்குண்டுகளை முள்ளிலிருந்து 20 செ.மீ. மேலே ஒரே கொத்தாக நெருக்கினேன். தக்கைக்குக் கீழே நரம்பின் நீளத்தைத் தண்ணீர் ஆழத்தைவிட 10 செ.மீ. கூட்டியதும் அந்த அளவு நரம்பு தரையில் படுத்து இரையை நிறுத்தியது. தக்கைக்கும் கம்பு நுனிக்கும் நடுவே, தக்கையிலிருந்து 30 செ.மீ. தள்ளி எட்டாம் நம்பர் ஈயம் (சிறு குண்டு) ஒன்றை நரம்பில் நசுக்கிப் பொருத்தினேன். நரம்பு தண்ணீருக்குள் அமிழ்ந்தது. காற்று அதை வளைக்கவில்லை. பாதி வேலை இதிலேயே முடிந்தது. இந்த ஈயம் பெரிதானால் தக்கையையே கீழே இழுத்துவிடும்.

ரீல் இல்லாத 13 மீட்டர் நீளக் கம்பைக் காற்றில் பிடிப்பது தோளுக்குத் தண்டனை. 8 மீட்டரில் அசையாமல் பிடிப்பதே லாபம்.

அதுவும் முடியாதபோது ரீல் கம்பில் 30 கிராம் மெத்தட் ஃபீடர் (தீவனத்தை அழுத்தி ஒட்டி வீசும் எடைக்கூடு), முள்ளோடு கட்டிய 10 செ.மீ. நரம்பு. ரீல் கிளிப்பில் நரம்பை மாட்டித் தூரத்தைப் பூட்டி வீசி, விழுந்ததும் கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அழுத்தி நரம்பை மூழ்கடிக்க வேண்டும். மீன் மாட்டியதும் கிளிப்பை விடுவியுங்கள். இல்லாவிட்டால் பெரிய கெண்டை ஓடினால் நரம்பு அங்கேயே அறும்.