தாழ்த்திய காரைக் குறைந்த செலவில் உயர்த்துவது எப்படி?

ஐப்பசி மழையில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் தண்ணீர் தேங்கும்போது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்தான் முதலில் தவிக்கும். வேலையைத் தொடங்குமுன், சமதளத்தில் நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அதே மாடலுக்குரிய, ஏற்கெனவே பயன்படுத்திய ஒரிஜினல் கம்பெனி ஸ்பிரிங்குகளை, துருவும் விரிசலும் இல்லாதவையாகப் பார்த்து ஜோடியாக வாங்கி மாட்டுவதே சிக்கனமான, முறையான வழி. கடற்காற்று படும் ஊரில் ஸ்பிரிங் அமரும் தட்டையும் சுரண்டிப் பார்ப்பது அவசியம். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் யாரும் கழற்றக் கூடாது.

சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர் பஃபர் மலிவானது என்றாலும், பயணத்தைக் கடினமாக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. டயர் எப்படியும் மாற்றவேண்டியிருந்தால், 185/60 ஆர்15 அளவுக்குப் பதில், பக்கச்சுவர் சற்று உயரமான 185/65 ஆர்15 போடும்போது ஏறத்தாழ 9 மி.மீ. உயரம் கூடும், ஸ்பீடோமீட்டர் மட்டும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும், முழுதாக ஸ்டீயரிங்கைத் திருப்பி டயர் எங்கும் உரசவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இறுதியாக வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட் சாய்வையும் திருத்துங்கள்.