பிள்ளைய ஆறாவது சேர்க்கிறதுக்கு முன்னாடி அரசாணைய எப்படிப் படிக்கணும்

கல்விக் கொள்கைன்னு சொன்னாலே டிவி டிபேட்ல நாலு பேர் கத்திக்கிற விஷயம், நமக்கு எதுக்குன்னு சேனலை மாத்திடறோம். இருமொழியா மும்மொழியாங்கறதுல எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கு, ஆனா உங்க பிள்ளை படிக்கிறது அரசுப் பள்ளியா, இல்ல தனியார் நிர்வாகம் நடத்தி அரசு பண உதவி தர்ற அரசு உதவி பெறும் (எய்டட்) பள்ளியான்னு கேட்டா நிறைய பேருக்கு டக்குனு பதில் வர்றதில்ல. அந்த ஒரு வித்தியாசத்துல ஒரு எம்பிபிஎஸ் சீட்டே போயிடலாம்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையே எடுத்துக்குவோம். 2020-ல தமிழ்நாடு சட்டசபை போட்ட சட்டம், நீட் பாஸ் பண்ற அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல தனி பங்கு. கவர்னர் கையெழுத்து வர லேட்டாகவும் அக்டோபர் 29-ஆம் தேதி அரசாங்கம் ஜி.ஓ.வாவே (அரசாணை) போட்டுடுச்சு, மறுநாளே ஒப்புதலும் வந்துடுச்சு. 2021-ல இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லான்னு மத்த படிப்புக்கும் இதே 7.5 வந்துச்சு. பேப்பர்ல எல்லாம் "அரசுப் பள்ளி மாணவர்களுக்கு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. ஆனா சட்டத்துக்குள்ள போனா, ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் முழுசா அரசுப் பள்ளில படிச்சிருக்கணும்னு இருக்கு. கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் உள்ள வரும், எய்டட் ஸ்கூல் வராது.

எங்க தெருவுல ஒரு அக்கா, பொண்ணு அஞ்சாவது வரைக்கும் யூனியன் ஸ்கூல், ஆறாவதுக்கு வீட்டுக்குப் பக்கத்துல எய்டட் ஸ்கூல்ல சேர்த்தாங்க, அங்கயும் புக்கு ஃப்ரீ, மத்தியான சாப்பாடு உண்டு, அப்ப கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதானேன்னு. ஒன்பதாவதுக்கு மறுபடி அரசு மேல்நிலைப் பள்ளி. ப்ளஸ் டூ முடிச்சு கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடறப்ப ஆறாவது எங்க, ஏழாவது எங்கன்னு வருஷா வருஷம் ஸ்கூல் பேரைக் கேட்டுது. எட்டாவது வரைக்கும் உள்ள மூணு கட்டத்தை நிரப்பினதும் அந்தப் பொண்ணு பேனாவ வச்சுட்டா. யாரும் ஏமாத்தல, யாரும் பொய் சொல்லல, சேர்க்கிற அன்னைக்கு இத கேட்கணும்னு அவங்களுக்குச் சொல்ல ஆளில்ல, அவ்ளோதான்.

இதுல இன்னொண்ணும் பாருங்க. ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்கற 25 சதவீத சீட்டுல பிரைவேட் ஸ்கூல்ல சேர்ந்து எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு, ஒன்பதாவதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அதே 7.5 உண்டு! அதாவது பிரைவேட்ல படிச்ச பிள்ளை உள்ள, எய்டட்ல படிச்ச பிள்ளை வெளிய. நியாயமா இல்லையாங்கறது தனி சண்டை, எனக்கு நியாயமா படல. ஆனா சண்டை போடறதுக்கே முதல்ல அந்த வரிய படிச்சிருக்கணும்ல.

சரி, எப்படிப் படிக்கிறது?

முதல்ல கைல இருக்கறது என்ன பேப்பர்னு பாருங்க. சட்டம்னா சட்டசபையோ பார்லிமென்டோ போட்டது, கோர்ட்ல நிக்கும். அதுக்குக் கீழ விதிகள். அப்புறம் அரசாணை, அதாவது ஜி.ஓ. அதுக்கும் கீழ டைரக்டரோ சிஇஓவோ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) போடற செயல்முறைகள், மேல ந.க.எண்னு போட்டு இருக்கும், வாத்தியார் வாட்ஸ்அப் குரூப்ல சுத்தறது பெரும்பாலும் இதுதான். கொள்கைங்கறது இதுல எதுவுமே இல்ல. 2020 ஜூலை 29 மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய கல்விக் கொள்கையும் சரி, 2025 ஆகஸ்ட்ல தமிழ்நாடு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையும் சரி, இப்படிப் போகலாம்னு சொல்ற டாக்குமெண்ட்தான். அதுல இருக்கற ஒரு வரி உங்க பிள்ளை மேல வந்து விழணும்னா பின்னாடியே ஒரு ஜி.ஓ.வோ பணமோ வரணும். பதினொன்னாவது பப்ளிக் எக்ஸாம் 2025-26-ல இருந்து கிடையாதுன்னு ஆனதும் அப்படித்தான், கொள்கைல சொன்னாங்க, அப்புறம் ஆணை வந்துச்சு.

ஜி.ஓ. கைல கிடைச்சா மேல இருந்து கீழ படிக்காதீங்க. மேல "சுருக்கம்"னு ரெண்டு மூணு வரி இருக்கும், அதுக்குக் கீழ துறை பேர், அரசாணை (நிலை) எண், தேதி, திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் வரும். சுருக்கத்தைப் படிச்சுட்டு நேரா கடைசிக்குப் போங்க. "நிதித்துறையின் இசைவுடன்"னு ஒரு அ.சா.எண்ணோட (நிதித்துறை குறிப்பு எண்) வரி இருக்கான்னு பாருங்க. காசு தர்ற ஆணையா இருந்து அந்த வரி இல்லன்னா பணம் இனிமேதான் வரணும்னு சந்தேகப்படலாம். அதுக்குக் கீழ "பெறுநர்"னு ஒரு லிஸ்ட், எந்த ஆபீஸுக்கெல்லாம் காப்பி போயிருக்குன்னு அதுல தெரியும், நாளைக்கு யாராவது "எங்களுக்கு ஆர்டரே வரல சார்"னு சொன்னா அந்த லிஸ்ட்டக் காட்டலாம். அப்புறம் மேல வந்து "படிக்கப்பட்டவை"ங்கற பகுதி, அங்க பழைய ஜி.ஓ. நம்பர்லாம் இருக்கும், பல நேரத்துல உண்மையான கண்டிஷன் அந்தப் பழைய ஜி.ஓ.லதான் உட்கார்ந்திருக்கும், புதுசு அதுல ஒரு வார்த்தைய மட்டும் மாத்தியிருக்கும். நடுப்பகுதில "மட்டும்", "நீங்கலாக", "முடிய", "தொடர்ச்சியாக" இந்த மாதிரி சொல்லெல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க. யார் உள்ள யார் வெளியன்னு அதுலதான் முடிவாகுது.

ஒரே ஸ்கூல் ஒரு திட்டத்துல உள்ள இருக்கும், இன்னொண்ணுல வெளிய இருக்கும், அதனால ஒரு ஜி.ஓ. படிச்சதை வச்சு இன்னொண்ண முடிவு பண்ணாதீங்க. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்குத்தான் மாசம் 1,000 ரூபா. 2024 டிசம்பர்ல அரசு உதவி பெறும் பள்ளில தமிழ்வழில படிச்சவங்களையும் சேர்த்தாங்க. ஆனா 7.5-ல எய்டட் கதவு அப்பவும் திறக்கல.

அடுத்து, காசு யாரோடதுன்னு பாருங்க. 1976-ல 42-வது திருத்தம் வந்து கல்வி மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்குப் போச்சு, அது ஏதோ ஸ்கூல் பாடத்துல வர்ற வரின்னு நினைப்போம், 2025-ல அது வீட்டு வாசலுக்கே வந்துச்சு. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷாங்கற திட்டத்துல செலவுல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலன்னு 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி நின்னுபோச்சு, தமிழ்நாடு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அந்த இழுபறில ஆர்டிஇ சேர்க்கையும் மாட்டிக்கிச்சு, ஏன்னா ஆர்டிஇ பிள்ளைக்கு பிரைவேட் ஸ்கூலுக்கு அரசு திருப்பித் தர்ற பணத்துல ஒரு பங்கு இந்த வழியாத்தான் வரணும். வழக்கமா கோடை லீவுக்குள்ள திறக்கற ஆன்லைன் அப்ளிகேஷன் அந்த வருஷம் அக்டோபர் வரைக்கும் நகரவே இல்ல. எல்கேஜி சீட்டுக்காக வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் தாலுகா ஆபீஸ்ல அலைஞ்சு வாங்கி வச்சுட்டு அம்மா அப்பாங்க வெப்சைட்டயே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. டெல்லி சண்டை நமக்கெதுக்குன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

ஜி.ஓ. எங்க கிடைக்கும்னா, தமிழ்நாடு அரசு வெப்சைட்லயே துறை வாரியா இருக்கு. வருஷா வருஷம் சட்டசபைல மானியக் கோரிக்கை (துறை வாரியா செலவுக்குப் பணம் கேட்கறது) வர்றப்ப பள்ளிக்கல்வித் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், அதுவும் அங்கயே பிடிஎஃப்பா கிடைக்கும், தமிழ்லயே இருக்கும், எந்தத் திட்டத்துக்கு எவ்ளோன்னு கோடிக் கணக்கோட. முழுசா படிக்க வேணாம், உங்க பிள்ளைக்குச் சம்பந்தப்பட்ட திட்டத்தோட பேரைத் தேடி அந்த ரெண்டு பக்கத்தப் படிச்சா போதும்.

கிடைக்கலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர்னு அட்ரஸ் போட்டு ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும், இல்லன்னா மேல்முறையீடு. "ஏன் தரல"ன்னு கேட்டா பதில் வராது, "இன்ன தேதியிட்ட இன்ன ஆணையின் நகல் தேவை"ன்னு கேளுங்க.

அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்எம்சி இருக்கு. ஆர்டிஇ சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோராத்தான் இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள். கூப்பிட்டா பலரும் போறதில்ல, போனாலும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறாங்க. மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இந்த மாசம் வந்த சர்க்குலர் என்னென்ன டீச்சர்?" வாத்தியாருக்கும் அத எடுத்துப் படிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

கடைசியா ஒரு அவசர வேலை. பிள்ளை ஸ்கூல் மாறும்போது டிசி மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. எந்த வகுப்புல இருந்து எந்த வகுப்பு வரைக்கும், எந்த மீடியத்துல படிச்சான்னு ஹெச்எம் கையெழுத்தும் ஸ்கூல் சீலும் போட்டு ஒரு படிப்புச் சான்றிதழ் வாங்கிடுங்க. தமிழ்வழில படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 சதவீதம் 2010-ல இருந்தே சட்டமா இருக்கு, அதுக்கு டிஎன்பிஎஸ்சி ஒண்ணாவதுல இருந்து சான்றிதழ் கேட்குது, இருபத்தஞ்சு வயசுல போய் ஒண்ணாவது படிச்ச ஸ்கூல் ரெஜிஸ்டர தேடறதுக்கு, டிசி வாங்கற அன்னைக்கே அரைமணி நேரம் கூட நின்னு வாங்கிடறது சுலபம்.